அடங்கிய எலியும் அமைதியடைந்த மனமும்

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு மூலிகை மன அமைதி தருவதாகக் கண்டறியப்பட்டது என்ற செய்தி, ஏதேனும் ஒரு நாளிதழிலோ கைப்பேசியிலோ அடிக்கடி வந்து சேர்கிறது. சில நாட்களில் அச்செய்தி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கும் வந்துவிடுகிறது. “இதை அப்பாவுக்குக் கொடுக்கலாமா, டாக்டர்?” என்று மகள் கேட்கிறார். சிலர் கேட்பதில்லை, கொடுக்கத் தொடங்கியபின் தற்செயலாகச் சொல்கிறார்கள். இன்னும் சிலர், மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சிச் சொல்லாமலேயே இருந்துவிடுகிறார்கள். இக்கட்டுரை இம்மூவருக்கும் உரியது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒரு மூலிகை விலங்குகளை அமைதிப்படுத்தியது என்ற செய்தி பெரும்பாலும் பொய்யன்று. அதனை ஏளனம் செய்யவும் கூடாது. ஆனால், அம்மூலிகை மேலும் ஆராயத் தக்கது என்பதற்கு மட்டுமே அது சான்று. நம் வீட்டு நோயாளிக்குக் கொடுக்கலாம் என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை, நம் நாட்டுச் செடி ஒன்றின் வரலாறே நமக்குத் தெளிவாகக் காட்டும்.

சர்ப்பகந்தி கற்பித்த பாடம்

சர்ப்பகந்தி என்னும் சிறு செடியின் வேர் நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், மனம் பேதலித்தவர்களுக்கும் அதனைக் கொடுத்தனர். பீகார்ப் பகுதியில் அதற்குப் ‘பாகல் கி தவா’, அதாவது பித்துக்கு மருந்து என்றே பெயர். 1931-ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள், இவ்வேர் மனநோயாளரின் கொந்தளிப்பைத் தணிப்பதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மருத்துவ இதழொன்றில் எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார்; அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். 1949-இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் இரத்த அழுத்தத்திற்கு இவ்வேரைப் பயன்படுத்திய தம் அனுபவத்தைப் பிரிட்டனின் இதயநோய் இதழில் வெளியிட்டபோது மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன.

1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ‘சிபா’ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவ்வேரிலிருந்து ‘ரிசர்பின்’ என்ற பொருளைத் தனியாகப் பிரித்தனர். விலங்குகளுக்கு அதனைக் கொடுத்தபோது அவை அடங்கி ஒடுங்கின. தூக்க மாத்திரை தருவது போன்ற உணர்விழப்பு இல்லை, தொட்டால் விழித்துக்கொள்ளும், ஆனால் தாமாக அசைவதில்லை. 1954-இல் நியூயார்க் மாநிலத்தில் நேத்தன் கிளைன் என்னும் மனநல மருத்துவர், மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பலரிடம் முன்னேற்றம் கண்டதாக எழுதினார். நம் ஊர் மருத்துவம் சொன்னது, விலங்கு காட்டியது, மனிதனிடம் கண்டது ஆகிய மூன்றும் ஒத்துப்போயின. மூலிகை ஆய்வின் வரலாற்றில் இத்தகைய பொருத்தம் அரிது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. விலங்கு ஏன் அடங்கியது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1955-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ரிசர்பின் கொடுக்கப்பட்ட விலங்குகளின் உடலில் ‘செரோட்டோனின்’ என்ற பொருளின் இருப்பு கரைந்துபோவதைக் கண்டனர். 1957-இல் சுவீடனின் அர்வித் கார்ல்சன், ரிசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு ‘டோபா’ என்ற பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. அம்முயல்களின் மூளையில் குறைந்துபோயிருந்தது ‘டோபமின்’ என்பது பின்னர் விளங்கிற்று. நடுக்குவாத நோயில் குறைவதும் இதே பொருள்தான். இன்று நடுக்குவாதத்திற்கு நாம் எழுதித் தரும் ‘லெவோடோபா’ மாத்திரையின் தொடக்கம் அந்த முயல்களிடம் இருக்கிறது. இதற்காகவே கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆய்வாளர்கள் முதலில் ‘அமைதி’ என்று எழுதிவைத்தது, பிறகு பார்த்தால், பெரும்பகுதி இயக்கம் முடங்கிய நிலை. அம்மருந்தை உட்கொண்ட மனிதர்களிலும் சிலருக்கு உடல் விறைப்பும் நடுக்கமும் தோன்றின. இரத்த அழுத்தத்திற்காக அதனை உண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்ததாக 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதினர். அச்சோர்வுக்கு மருந்து எந்த அளவுக்குக் காரணம் என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. ஆயினும் பல ஆண்டுகள் வரை, புதிய மனச்சோர்வு மருந்துகளைச் சோதிப்பதற்காகவே ஆய்வுக்கூட விலங்குகளுக்கு ரிசர்பின் கொடுக்கப்பட்டது. அமைதியின் அடையாளமாகக் கருதப்பட்ட அதே தோற்றம், பின்னர் சோர்வின் மாதிரியாக ஆயிற்று.

அடங்கியிருக்கும் உயிர் நிம்மதியாக இருக்கிறதா, வலுவிழந்து கிடக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எலியால் அதைச் சொல்ல முடியாது. மனிதரால் மட்டுமே சொல்ல முடியும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

இக்குறையை ஆய்வாளர்களும் அறிவர். எனவே பல வகைச் சோதனைகளை வகுத்திருக்கிறார்கள். கூட்டல் குறி வடிவில், தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்ட ஒரு பாதை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. அஞ்சும் எலி சுவருக்குள் ஒதுங்கும். அச்சம் தணிந்த எலி திறந்த பாதைக்கும் செல்லும். ஐந்து நிமிடங்களில் அது எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிடுவார்கள். இருட்டறையும் வெளிச்ச அறையும் அடுத்தடுத்து உள்ள பெட்டி மற்றொரு சோதனை. ஒரு குழுவுக்கு மூலிகைச் சாறு, ஒரு குழுவுக்கு வெறும் நீர், ஒரு குழுவுக்கு ‘டயசிபாம்’ என்னும் பழகிய மருந்து என்று கொடுத்து ஒப்பிடுவது வழக்கம். எலி அமைதியுற்றதா, அல்லது தசை தளர்ந்து தள்ளாடுகிறதா என்று பிரித்தறிவதற்குச் சுழலும் உருளையின் மீது அதனை நிற்கவைத்துப் பார்ப்பார்கள். முறையாகச் செய்யப்பட்ட ஆய்வில் இவை அனைத்தும் இருக்கும். செய்தித் தலைப்பில் இவற்றில் எதுவும் இருக்காது.

இங்கே ஒரு சோதனையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது நேரடியாக நோயாளர்களைத் தொடுகிறது. எலிக்கு முதலில் மூலிகைச் சாற்றையும், பிறகு ‘பார்பிட்டுரேட்’ வகைத் தூக்க மருந்தையும் கொடுப்பார்கள். சாறு பெற்ற எலி கூடுதல் நேரம் உறங்கினால், மூலிகைக்குத் தூக்கம் தரும் ஆற்றல் உண்டு என்று எழுதுவார்கள். இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. தூக்க மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். மூலிகை அக்கல்லீரலின் வேலையைத் தடுத்துவிட்டால், தூக்க மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். எலியும் நெடுநேரம் உறங்கும். மூலிகை மூளையைத் தொடாமலேயே இது நிகழக்கூடும்.

இப்போது, இரவில் ஒரு தூக்க மாத்திரையும், வலிப்புக்கு இரு வேளை மாத்திரையும் உண்ணும் முதியவரை எண்ணிப் பாருங்கள். அந்த எலிச் சோதனையை, நம்மை அறியாமல், நாம் அவர் உடலில் நடத்துகிறோம். “மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்பது பலரின் எண்ணம். ஒன்றும் செய்யாத பொருள் அமைதியையும் தராது. அமைதி தரும் ஆற்றல் உள்ள பொருளுக்கு, கூடுதலாகப் போனால் தீங்கு செய்யும் ஆற்றலும் இருக்கும்.

எலியின் அளவும் மனிதரின் அளவும்

அடுத்த சிக்கல் அளவு. ஓர் ஆய்வில் சுண்டெலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் சாறு கொடுத்தார்கள் என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு இதனை நேரடியாகப் பெருக்கினால் 12 கிராம் வரும். ஆனால் சிறிய உடலில் மருந்து விரைவாகச் சிதைந்து வெளியேறும். ஆகவே, உடற்பரப்பைக் கணக்கில்கொண்டு, சுண்டெலியின் அளவை ஏறத்தாழ 12-ஆல் வகுத்தே மனித அளவை மதிப்பிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் 12 கிராம் என்பது ஏறக்குறைய 1 கிராமாகிவிடுகிறது. அதுவும் முதல் மதிப்பீடு மட்டுமே. உண்மையான பாதுகாப்பான அளவு படிப்படியான மனித ஆய்வில்தான் தெரியவரும்.

மேலும், அந்த ஒரு கிராம் என்பது சாற்றின் அளவு, பொடியின் அளவன்று. ஆய்வில் பயன்பட்டது எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்து உலர்த்திய சாறாக இருக்கலாம். வீட்டில் நாம் வைப்பது நீரில் கொதிக்கவைத்த கஷாயம். எரிசாராயத்தில் இறங்கும் பொருள்கள் எல்லாம் நீரில் இறங்குவதில்லை. பல ஆய்வுகளில் சாறு வயிற்றறைக்குள் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. நாமோ வாயால் உண்கிறோம். ஆய்வில் இருந்தவை நோயற்ற இளம் விலங்குகள். நம் வீட்டில் இருப்பவர் சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறைபாடும் உள்ள எழுபது வயதுப் பெரியவர். இத்தனை வேறுபாடுகளையும் தாண்டி ஒரு செய்தித் தலைப்பு நம் அடுக்களைக்குள் நுழையும்போது, நாம் ஒரு நொடி நிற்க வேண்டும்.

மனிதரிடம் சோதித்தால் என்ன கிடைக்கும்?

விலங்கு ஆய்வைத் தாண்டி மனித ஆய்வு வரை வந்த மூலிகைக்கு அமுக்கரா நல்ல எடுத்துக்காட்டு. சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் புகழ்பெற்றது. அஸ்வகந்தா என்ற பெயரில் இன்று உலகெங்கும் விற்பனையாகிறது. இதன் தாவரவியல் பெயரில் உள்ள ‘சோம்னிஃபெரா’ என்ற சொல்லுக்கே உறக்கம் தருவது என்பது பொருள். 2012-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், நீண்ட நாள் மன அழுத்தத்தால் வருந்திய 64 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இவ்வேரின் சாற்றை 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரு வேளையும், மற்றவர் மருந்தற்ற மாத்திரையையும் 60 நாட்கள் உண்டனர். சாற்றை உண்டவர்களின் மன அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. வேறு சில சிறிய ஆய்வுகளும் இதே திசையில் முடிவு தந்துள்ளன. இது மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும் அறுபத்து நான்கு பேர், அறுபது நாட்கள் என்பதை மறக்கக் கூடாது. அரிதாக வரும் தீங்கு அவ்வளவு சிறிய கூட்டத்தில் வெளிப்படாது. இலட்சக்கணக்கானோர் உண்ணத் தொடங்கிய பின்னரே, சிலருக்கு மஞ்சள் காமாலையுடன் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் பல நாடுகளிலிருந்து மருத்துவ அறிக்கைகள் வந்தன. பெரும்பாலோர் நிறுத்தியதும் குணமடைந்தனர். தைராய்டு சுரப்பு மிகையானதாகவும் அறிக்கைகள் உண்டு. 2023-இல் டென்மார்க் அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்தது. அத்தடை தேவைக்கு மிஞ்சியது என்று வாதிடுவோரும் உளர். எனக்கு அதில் இருந்து கிடைக்கும் பாடம் எளியது: கருவுற்றவர்கள், தைராய்டு அல்லது கல்லீரல் நோயுள்ளவர்கள், தூக்க மாத்திரை உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் இதனைத் தொடங்கக் கூடாது.

அந்த விலங்குகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்

நமக்காக விலங்குகளைத் துன்புறுத்துவது முறையா என்று கேட்கும் குடும்பத்தினரும் உண்டு. நியாயமான கேள்வி. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதற்கென ஒழுங்குமுறைகள் உள்ளன. நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் தராமல் ஆய்வு தொடங்க முடியாது. விலங்கின்றி முடியுமானால் விலங்கைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைத் தணிப்பது என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் 1959-இல் வகுத்தனர். உலகம் இன்றும் அவற்றையே பின்பற்றுகிறது.

இதனுடன் என் கருத்தொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். குழுவுக்கு ஆறு எலிகள், ஒரே ஒரு சோதனை, எந்த எலிக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தவரே நேரத்தையும் அளப்பது, முடிவு சாதகமாக வந்தால் மட்டும் வெளியிடுவது: இத்தகைய ஆய்வு நோயாளிக்கும் உதவாது, மடிந்த எலிக்கும் நியாயம் செய்யாது. ஒரு மூலிகையைப் பற்றிய பத்து அரைகுறை எலி ஆய்வுகளுக்குப் பதிலாக, ஒரு முறையான எலி ஆய்வும் அதனைத் தொடர்ந்து ஒரு முறையான மனித ஆய்வும் நடந்தால், நம் பாரம்பரிய மருத்துவத்திற்கும் அதுவே பெருமை. சர்ப்பகந்திக்கு உலகில் இடம் கிடைத்தது, அதைப் போற்றியதால் அன்று. அதைக் கேள்வி கேட்டதால்.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியவை

நோயாளியைப் பேணுவோர் கைக்கொள்ளத் தக்க சிலவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

1. மூலிகைச் செய்தியைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்தது விலங்கிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எத்தனை நாள்? அவர்கள் என் வீட்டு நோயாளியைப் போன்றவர்களா? மூன்றுக்கும் விடை இல்லையெனில், செய்தியை மட்டும் மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.

2. சூரணம், லேகியம், கஷாயம், மாத்திரை, தேநீர்ப் பொடி என எவ்வடிவில் உண்டாலும், மருந்துச் சீட்டுடன் அதன் புட்டியையோ பொட்டலத்தையோ எடுத்து வாருங்கள். பெயரைவிட உறை கூடுதலாகப் பேசும்.

3. அறுவை சிகிச்சை நிச்சயிக்கப்பட்டிருந்தால், மயக்க மருந்து மருத்துவரிடம் மூலிகைகளைப் பற்றித் தவறாமல் கூறுங்கள். தூக்கம் தரும் மூலிகைகள் மயக்க மருந்தின் வேலையை மிகைப்படுத்தக்கூடும். பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தும்படி அறிவுறுத்துவதுண்டு. எனவே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

4. மூலிகையை நம்பி, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நெடுநாள் உண்ட தூக்க மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மூலிகையால் வரும் தீங்கைவிட, இவ்வாறு நிறுத்துவதால் வரும் தீங்கு பெரிதாக இருக்கலாம்.

5. சர்ப்பகந்தியை மனச்சோர்வு, நடுக்குவாதம், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குத் தாமாகக் கொடுக்கவே கூடாது. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கும் இது பொருந்தும்.

6. அமைதிக்காக எதைக் கொடுத்தாலும், அது மூலிகையாயினும் எங்கள் மாத்திரையாயினும், அதன்பின் நோயாளியைக் கவனியுங்கள். பகலிலும் உறங்குகிறாரா? நடையில் தள்ளாட்டம் உண்டா? பேச்சு குறைந்துவிட்டதா? விரும்பி உண்டதைத் தள்ளிவைக்கிறாரா? கண்ணோ சிறுநீரோ மஞ்சளாகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே தெரிவியுங்கள்.

ஆறாவதை மீண்டும் வலியுறுத்த விரும்புகிறேன். இரவெல்லாம் கூவிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பொடியைக் கொடுத்ததும் அடங்கிவிட்டால், வீட்டாருக்கு அது பெரும் ஆறுதல். பல நாள் உறக்கமின்றித் தவித்தவர்களின் களைப்பை நான் அறிவேன். அவர்களைக் குறைகூற மாட்டேன். ஆனால் அவர் அடங்கியது எதனால் என்ற கேள்வியை யாரேனும் கேட்க வேண்டும். வலி தணிந்ததா, அச்சம் தணிந்ததா, அல்லது கூப்பிடும் வலுவே போய்விட்டதா? விழித்திருக்கும்போது அவர் அருகில் அமர்ந்து, “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். எலியிடம் கேட்க முடியாத கேள்வி அது.

மருத்துவர்களுக்கும் ஒரு சொல்

நோயாளர் மூலிகைகளை எங்களிடம் மறைக்கிறார்கள் என்றால், அதில் எங்கள் பங்கும் உண்டு. மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மருத்துவரிடம் இரண்டாம் முறை யாரும் உண்மை சொல்வதில்லை. மருந்து வரலாற்றைக் கேட்கும்போது, “வேறு ஏதேனும் நாட்டு மருந்து உண்கிறீர்களா?” என்ற கேள்வியும், “அதனால் குணம் தெரிகிறதா?” என்ற கேள்வியும் இயல்பாக வர வேண்டும். சித்த மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோருக்கு, அவருடைய சீட்டையும் எங்கள் சீட்டையும் இருவரும் காணும்படி வைப்பதே பாதுகாப்பு.

அடுத்த முறை வரும்போது, எழுதித் தந்த மருந்துகளின் பட்டியலுக்குக் கீழே, எழுதித் தராத மருந்துகளையும் குறித்துக் கொண்டு வாருங்கள். அப்பட்டியலைப் பார்த்துக் கோபிக்கும் மருத்துவர் யாரேனும் இருந்தால், இக்கட்டுரையை அவரிடம் காட்டுங்கள்.